135-ஐ வாங்காதே, தம்பி

அன்புள்ள திருத்தங்கல் தம்பிக்கு,

துபாயிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ‘அண்ணாச்சி’ என்று ஆரம்பித்துவிட்டாய், அதனால் நானும் ‘நீ’ என்றே எழுதுகிறேன். 31 முறை குதித்தாகிவிட்டது, ஏ லைசென்ஸ் வந்துவிட்டது, கூடக் குதிக்கும் நண்பர் தன் 135 சதுர அடி பாராசூட்டைப் பாதி விலைக்குத் தருகிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம். உன் பெயரைப் போடவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாயே, அதை நீயே சொல்லிக்கொள்.

நான் ஆக்ராவில், விமானப்படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளியில் பாராசூட் மடித்தவன். பயிற்சிக்கு வந்த வீரர்கள் குதித்தது வட்டக் குடையில். ஒல்லியான ஆளுக்கும் பருத்த ஆளுக்கும் ஒரே குடைதான். கால்களைச் சேர்த்து வை, முழங்காலை லேசாக மடக்கு, தரை தொட்டதும் உருள். இவ்வளவுதான் பாடம். ஐந்து குதிப்பு, அதில் ஒன்று இரவில், முடித்தால் சீருடையில் சிறகு. எந்த அளவு எனக்குப் பொருந்தும் என்று கேட்க அங்கே யாருக்கும் வாய்ப்பே கிடையாது. விமானப்படையின் ஸ்கைடைவிங் குழுவான ஆகாஷ் கங்காவின் சதுரக் குடையை முதன்முதலாகக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. குடை என்று வாய் சொல்கிறதே தவிர, அது துணியில் தைத்த இறக்கை. நம்மை இறக்கிவிடுவதற்கு முன் அது முன்னோக்கிப் பறக்கிறது. எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்பதை அதன் அளவும் உன் எடையும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

கணக்குப் போடுவோம். உன் எடை 72 கிலோ. பை, அவசரத்துக்கான ரிசர்வ் குடை, ஹெல்மெட், உடை எல்லாம் சேர்த்து இன்னும் 12 கிலோ. மொத்தம் 84 கிலோ, அதாவது 185 பவுண்டு. இதைக் குடையின் சதுர அடியால் வகுத்தால் வருவதைத்தான் உங்கள் ஆட்கள் விங் லோடிங் என்கிறார்கள். 135-இல் வகுத்தால் 1.37. அமெரிக்க பாராசூட் சங்கம் ஏ, பி லைசென்ஸ்காரர்களுக்குச் சொல்லும் வரம்பு 1.0. உனக்கு 190 சதுர அடி சரி. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சின்னக் குடைக்குக் கயிறும் குட்டை. அதனால் வகுத்து வரும் எண் ஒன்றாகவே இருந்தாலும், 190-ஐவிட 120 சட்டென்று திரும்பும். ஒல்லியான உடம்புக்காரர்கள் அந்த எண்ணை மட்டும் நம்பி ஏமாந்துபோவது இதனால்தான். துபாய் வெயிலையும் சேர்த்துக்கொள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதே குடை அங்கே இன்னும் கொஞ்சம் வேகமாகத் தரைக்கு வரும்.

‘நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன் அண்ணாச்சி’ என்று எழுதியிருக்கிறாய். நீ மெதுவாக ஓட்டும் நாளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஒருநாள் காற்று திசை மாறும். இறங்க நினைத்த இடத்தில் வேறொருவர் வந்து நிற்பார். தரைக்கு நூறு அடி இருக்கும்போது, யோசிப்பதற்கு முன்னாலேயே உன் கை ஒரு பக்கத்துப் பிடியை முழுசாக இழுத்துவிடும். குடை திரும்புவதோடு நிற்காது, தலைகுப்புறப் பாயும். அது மறுபடி நிமிர உயரம் வேண்டும். சின்னக் குடைக்கு அந்த உயரம் அதிகம் வேண்டும், நேரமோ குறைவாகக் கிடைக்கும். 190 இந்த மாதிரித் தப்பைக் கொஞ்சம் பொறுத்துப்போகும். 135 பொறுக்காது. பாராசூட் விரியாமல் சாவதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பயம். இன்றைக்கு அடிபடுகிறவர்களில் பெரும் பங்கு, பழுதே இல்லாமல் அழகாக விரிந்த குடையின் கீழே, கடைசிச் சில விநாடிகளில் அடிபடுகிறவர்கள்.

ரிசர்வைத் தானாகவே விரிக்கும் சைப்ரஸ் இருக்கிறதே என்பாய். 1991-இல் ஜெர்மனியின் ஹெல்முட் குளோத் கொண்டுவந்த அந்தச் சின்னக் கருவி எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது எப்போது வேலை செய்யும்? சுமார் 225 மீட்டர் உயரத்தில், விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகத்தில் நீ விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வின் கட்டை அறுத்துவிடும். நல்ல குடையின் கீழே தப்பாகத் திரும்பினால் அது வாயே திறக்காது.

நீ பட்டாசு ஊர்க்காரன். மணி மருந்து கலக்கும் அறைக்கு நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனை அனுப்பக் கூடாது என்று உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் தெரியும். நாலு பேர் என்பது ஏதோ ராசியான எண் இல்லை. உராய்வில் ஒரு பொறி பட்டால் கதவுக்கு ஓட இடம் வேண்டும், அந்த இடம்தான் அந்த எண். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தபோது, ஆளும் சரக்கும் அளவு மீறிக் கிடந்ததால், தப்பித்திருக்க வேண்டியவர்களும் தப்பவில்லை. உன் 190-க்கும் 135-க்கும் நடுவில் இருக்கும் 55 சதுர அடியை நான் தப்பி ஓடும் அந்த இடமாகத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது பை. இதில்தான் புத்திசாலிகளும் மாட்டிக்கொள்கிறார்கள். ‘எப்படியும் இரண்டு வருஷத்தில் சின்னக் குடைக்குப் போய்விடுவேன், இப்போதே சின்னப் பையாக வாங்கிவிடலாம்’ என்று தோன்றும். பை ஓர் அளவுக்குத் தைத்தது. அதில் 190 நுழையாது. அடித்துத் திணித்தால் விரிவதிலும் சிக்கல் வரும். அதைவிட மோசம், சின்னப் பைக்குள் சின்ன ரிசர்வ்தான் இருக்கும். ரிசர்வில் இறங்கும் நாளில் நீ ஏற்கெனவே பதறிப்போயிருப்பாய், தாழ்வாக இருப்பாய், சிலசமயம் நினைவே தப்பியிருக்கும். பெரிய குடை வேண்டிய நாள் அதுதான். அதனால் முதலில் ரிசர்வின் சதுர அடியைக் கேள். முதன்மைக் குடையின் கலரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (கடிதத்தில் கலரைப் பற்றி மட்டும் எட்டு வரி எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார்த்தேன்.)

பழையது வாங்குவதில் தப்பில்லை. புதுசாகத் தைக்கக் கொடுத்துக் காத்திருந்து வாங்கி, அடுத்த வருஷமே அளவு மாறிப்போவதைவிட அது மேல். ஆனால் விற்கிறவர் சொல்வதை வைத்து வாங்காதே. பாராசூட்டை மடித்துச் சரிபார்க்கும், உனக்கு வேண்டிய ஒரு ரிக்கரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல். கயிறு ஸ்பெக்ட்ரா என்றால் கயிறுகளில் வழுக்கி இறங்கும் ஸ்லைடர் துணி உரசும் சூட்டில் ஓரக் கயிறுகள் சுருங்கியிருக்கும், குடை கோணலாக விரியும். வெயிலில் விரித்துப்போட்டு வைத்திருந்த துணியா என்று பார்க்கச் சொல். நைலானுக்கு வெயில் விஷம். பழைய எஃப்-111 துணி என்றால் சில நூறு குதிப்பிலேயே காற்றைக் கசியவிடும். சைப்ரஸில் உற்பத்தித் தேதி இருக்கும், அதற்கு ஆயுள் 15 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். காலம் முடியப்போகிற கருவியை ‘இலவசமாகத் தருகிறேன்’ என்று சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடு. தோள்பட்டை, தொடைப் பட்டைகள் உன் உடம்புக்குச் சேர்கின்றனவா என்று மாட்டித் தொங்கிப் பார். அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம், இதற்கு ஆகாது.

அவசரமே இல்லை என்பதையும் சொல்கிறேன். இன்னும் ஐம்பது குதிப்புக்கு வாடகைக் குடையிலேயே குதி. 210, 190 என்று மாற்றி மாற்றி எடு. ஒவ்வொன்றிலும் மேலே, நல்ல உயரத்தில், முழுசாக இழுத்துத் திரும்பிப் பார். எத்தனை அடி இழக்கிறாய் என்று உயரம் காட்டும் மீட்டரைப் பார்த்துக் குறித்துவை. அந்தக் கணக்கு இல்லாமல் 170-ஐப் பற்றி என்னிடம் பேசாதே.

ஒரு வேடிக்கை. நம் ஊர்ப் பட்டாசுத் தொழிற்சாலை வாசலில் நைலான் துணிக்கு அனுமதி இல்லை, நிலைமின்சாரம் பொறி தட்டும் என்று பருத்தி உடுத்தித்தான் உள்ளே போக வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒருவன் நான், அதே நைலானை மடித்துப் பென்ஷன் வாங்குகிறேன்; இன்னொருவன் நீ, அதில் தொங்குகிறாய். சின்ன வயதில் பாராசூட் வாணம் வெடித்ததும் அந்தக் காகிதக் குடை எங்கே விழுகிறது என்று ஓடியவர்கள்தானே நாம்.

வேறு பழைய செட் ஏதாவது பார்த்தால், ரிசர்வோடு வரும் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பு. மடித்த தேதி, மடித்தவர் கையெழுத்து, ரிசர்வின் அளவு மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மடித்தாக வேண்டும். அட்டையில் தேதிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருந்தால், அந்த ஆளிடம் பேசிக்கொண்டிருக்காதே.

அன்புடன்,
அண்ணாச்சி
விருதுநகர்