விண்ணப்பம் போட்டா மட்டும் பேட்டன்ட் கிடைச்சிடுமா?
ரீசார்ஜ் பேட்டரிக்குப் புது கேஸ் உருவாக்கி, ₹1,600 கட்டி இந்தியாவில் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டுட்டீங்களா? பரிசோதனை தானா தொடங்காது. படிவம் 18 தனியா கொடுக்கணும். தனிநபருக்கு ஆன்லைன்ல ₹4,000. கெடு முன்னாடி 48 மாசம், 2024-ல 31 ஆக்கிட்டாங்க. தவறினா விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினதாவே எடுத்துக்குவாங்க. செலவழிச்சதெல்லாம் போச்சு!

பரிசோதகர் அறிக்கைக்குப் பதில் தர 6 மாசம். "தெரிஞ்ச பாகங்களையே மாத்தி அடுக்கியிருக்கீங்க"ன்னு பிரிவு 3(எஃப்) ஆட்சேபம் வரலாம். கேஸ் எப்படிச் சூட்டை வெளியேத்துதுன்னு முழு விவரக்குறிப்பிலேயே எழுதியிருந்தா வாதாடலாம். பிறகு புதுசா சேர்க்கச் சட்டம் விடாது.

தோற்றம் மட்டும்தான் புதுசா? டிசைன் பதிவு போதும்: 10 வருஷம், நீட்டிச்சா இன்னும் 5.