விடிந்தால் பெரட்டு

மஸ்கெலியாவிலிருந்து கதை அனுப்பிய தம்பிக்கு,

வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறைக் குடியிருப்பான லயமொன்றில், பட்டினியும் இருமலுமாக மூன்று இரவுகள் கண்விழித்து எழுதும் இளைஞன் ஒருவனைத் தம்பியின் கதை நாயகனாக்கியிருக்கிறது. நான்காம் நாள் விடியலில் அவன் எழுதிய தாள்களின் மேலேயே மயங்கி விழ, அதுவே கலையின் உச்சம் என்ற தொனியில் கதை முடிகிறது. மொழியும் வட்டார வழக்கும் தம்பிக்குக் கைவந்தவை என்பதால் அவற்றைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் இரவில், இரண்டு மணிக்கு, அம்மா எழுந்து அடுப்பை மூட்டி மகனுக்குப் பிளேன்டீ வைத்துக் கொடுக்கும் இடம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இல்லை. மகன் குடிக்கிறான், கதை அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. விடிந்தால் அந்த அம்மா பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, போயாக வேண்டியவள். தோட்டம் விதித்த கிலோ அளவுக்குக் கொழுந்து நிறையாவிட்டால் அவள் கணக்கில் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும். ஒற்றை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அங்கே படுத்திருக்கும் எவருக்கும் உறக்கமில்லை என்பது லயத்தில் பிறந்த எழுத்தாளருக்குத் தெரியாததன்று; தெரிந்தும் எழுதாமல் விட்டதுதான் குறை.

கலைஞன் தன்னைச் சீரழித்துக்கொண்டால் அந்தச் செலவை வீட்டில் வேறொருவர் தன் உடம்பால் கட்டுகிறார். எழுத்து வாழ்க்கையின் நலம், சமநிலை என்றெல்லாம் பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுவே. கதையின் நாயகன் சுவரில் பாரதியையும் புதுமைப்பித்தனையும் மாட்டி வைத்திருக்கிறான். 1948இல் புதுமைப்பித்தனைக் காசநோய் கொண்டுபோனபோது அவருக்கு 42 வயது. அந்த நோய் அவருக்கு ஒரு கதையையும் எழுதிக் கொடுக்கவில்லை, எழுதவிருந்த கதைகளைத்தான் பறித்துக்கொண்டது என்ற எளிய உண்மையை அவரைக் கும்பிடுகிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இலங்கையின் மலையகத்திலேயே வேறு முன்னோடிகள் இருக்கிறார்கள். தெளிவத்தைத் தோட்டத்தில் பார்த்த வேலையின் நினைவாக அந்தத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஜோசப், சம்பள வேலையை விடாமலே நாவலும் சிறுகதையும் எழுதி, மலையக இலக்கிய வரலாற்றையும் தொகுத்து, 2022 வரை வாழ்ந்தார். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, தொழிற்சங்கத்தின் ஓயாத அலைச்சலுக்கு நடுவிலும் தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டினார். என். எஸ். எம். இராமையா கணக்கெழுதிப் பிழைத்தவர். 1961இல் வெளிவந்த ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற கதை அவர் பெயரை நிறுத்திவிட்ட பிறகும் அவசரப்படாமல் எழுதியதால், அவருடைய சிறுகதைத் தொகுதி 1980இல்தான் வந்தது. குறைவாக எழுதியதற்காக அவரை எவரும் குறைத்து மதிப்பதில்லை.

இன்னும் பழைய சான்று காமன் கூத்து. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த மன்மதனின் கதையை மாசி மாதத்தில் தோட்டத்து மக்களே ஆடும் இக்கூத்து, வளர்பிறையில் கம்பம் ஊன்றுவதில் தொடங்கிக் காமன் தகனத்தில் உச்சம் கொள்கிறது. அதில் ரதியாக வேடம் கட்டியவரும் தப்பு அடித்தவரும் பகலில் மலைக்கு வேலைக்குப் போனவர்களே; குளிரில் தப்பின் தோல் தளர்ந்துபோகும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்திவைத்து நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றினார்கள். அவர்களும் இரவிரவாகக் கண்விழித்தவர்கள்தாம், ஆனால் அந்த விழிப்பில் ஊரே பங்கெடுத்தது, அதற்கு நாள் குறித்த முடிவும் இருந்தது. கூத்து முடிந்தால் வேடம் கலைந்தது, அடுத்த மாசி வரை எவரும் ரதியாகத் திரிய வேண்டியிருக்கவில்லை. கதையில் ஓயாமல் இறங்கும் மூடுபனியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக 1969இல் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியதையும், நீர் வற்றும் காலங்களில் பழைய கோயிலின் இடிபாடுகள் தலைகாட்டுவதையும் அறிந்த மூத்த தலைமுறையினர், அந்த நகரத்தோடு போனவற்றையெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அதைத் தம்பி கேட்டு எழுதியிருந்தால் பக்கத்துக்குப் பக்கம் அந்த மூடுபனி தேவைப்பட்டிருக்காது. மலையகம் என்றதும் மூடுபனியை இறக்கும் வழக்கம் சுற்றுலா விளம்பரக்காரர்களுடையது, அதைத் தோட்டத்துப் பிள்ளை கைக்கொள்வது எரிச்சலூட்டுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், மழையில் ஊறிக் கனத்துப்போன படங்கை, அதாவது தேயிலைச் செடி உடம்பில் கிழிக்காதிருக்கக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த துணியை, அம்மா அவிழ்த்துப் பிழிந்து அடுப்படியில் காயப்போடும் அந்த நான்கு வரிகளுக்கு இணையாக அண்மைக்கால மலையகக் கதைகளில் எதையும் காட்ட இயலவில்லை என்பதை முழுமனத்தோடு சொல்ல வேண்டும். அந்தக் கை எழுத வந்த கை. அது நாற்பது ஆண்டு எழுத வேண்டும், அதற்குச் சோறும் உறக்கமும் வேண்டும்.

ஆகவே கதையின் கடைசி இரண்டு பக்கங்களை நீக்கிவிட்டு, அந்த இரண்டாம் இரவை அம்மாவின் பாயிலிருந்து மறுபடி எழுதி, மறுநாள் மாலை அவள் கொழுந்தை நிறுக்கும் இடம் வரை கொண்டுபோய், தம்பி மீண்டும் அனுப்பிவைக்க வேண்டும். அவசரம் வேண்டாம், அடுத்த மாசிக்குள் வந்தால் போதும்.