சிட்சிக்கிற கரம் அணைக்கிற கரமே

வேதபாடம்: எபிரெயர் 12:5-13

இந்தப் பாடத்தில் நாம் தியானிக்கப்போவது 'சிட்சை'. இந்த வார்த்தையைக் கேட்டதுமே நம்மில் பலருக்கு பிரம்பும் கோபமான முகமும்தான் ஞாபகத்துக்கு வருது. வேதம் காட்டுகிற முகம் அது அல்ல. ஜெபத்தோடு வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. சிட்சை என்பது வளர்ப்பு

எபிரெயர் 12-ல் வருகிற கிரேக்கச் சொல் 'பைதேயா'. 'பிள்ளை' என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. ஒரு பிள்ளையை ஆளாக்குகிற முழு வளர்ப்பையும் குறிக்கும். அப்போஸ்தலர் 7:22-ல் மோசே எகிப்தியரின் சாஸ்திரங்களில் கற்பிக்கப்பட்டான் என்று ஸ்தேவான் சொல்லும்போதும் இதே வேரில் வந்த சொல்தான் இருக்கிறது. அடி என்ற அர்த்தம் அதில் இல்லையா? உண்டு. இயேசுவைத் தண்டித்து விட்டுவிடுவேன் என்று பிலாத்து சொன்னபோதும் (லூக்கா 23:16) அதே வேர்ச்சொல்லைத்தான் லூக்கா எழுதுகிறார். ஆனால் பிலாத்துவின் கையில் அது சவுக்கு; தகப்பன் கையில் அது வளர்ப்பு. சொல் ஒன்றுதான், கை வேறு!

தெருவில் போகிற பிள்ளையை நாம் கண்டிப்பதில்லை. நம்ம வீட்டுப் பிள்ளையைத்தான் கண்டிக்கிறோம். சிட்சை இல்லாதவன் புத்திரனே அல்ல என்று 8-ம் வசனம் சொல்வது இதைத்தான்.

2. சிட்சை வேறு, ஆக்கினை வேறு

ஆக்கினை நடந்துமுடிந்த குற்றத்துக்குக் கணக்குத் தீர்க்கிறது. சிட்சை இனி நாம் எப்படி ஆகவேண்டும் என்று பார்க்கிறது. நம் கணக்கு கல்வாரியில் தீர்ந்துவிட்டது. ஏசாயா 53:5-ல் நம் சமாதானத்துக்காக அவர்மேல் வந்ததாகச் சொல்லப்படுவதற்கு எபிரெயச் சொல் 'மூசார்'. நீதிமொழிகள் 3:11-ல் மகனுக்குச் சொல்லப்படுகிற சிட்சையும் அதே 'மூசார்'தான். தண்டனையாக வரவேண்டியது குமாரன்மேல் விழுந்தது. பிள்ளை வளர்ப்பாக வருவதுதான் நமக்கு மீதி. அல்லேலூயா!

3. எல்லாப் பாடும் பாவத்தினாலா?

எங்கள் சபையில் ஒரு சகோதரியின் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸ் செய்யவேண்டியதாயிற்று. பார்க்கப் போனவர்களில் சிலர், "என்ன பாவம்னு யோசிச்சுப் பாருங்க சிஸ்டர், ஆண்டவர் சும்மா அடிக்கமாட்டார்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்தச் சகோதரி ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போனபோது அவர்கள் கேட்டது: "பாஸ்டர் ஐயா, எதுக்குன்னு சொல்லிட்டாவது அவர் அடிக்கலாமில்ல?"

நான் அவர்களோடு எபிரெயர் 10:32-34 வாசித்தேன். இந்த நிருபத்தைப் பெற்ற விசுவாசிகள் யார்? விசுவாசத்தினிமித்தம் நிந்தைப்பட்டவர்கள், ஆஸ்தியைப் பறிகொடுத்தவர்கள். பாவம் செய்ததால் வந்த பாடல்ல அது. அந்தப் பாட்டையும் சேர்த்துத்தான் நிருப ஆசிரியர் சிட்சை என்கிறார். அதற்கும் மேலே, பாவமே இல்லாத இயேசுவும் (4:15) பாடுகளினால் கீழ்ப்படிதலைக் கற்றார் (5:8). குமாரனுக்கே பாடு பள்ளிக்கூடமாயிருந்தால், பாடு வந்தவரெல்லாம் பாவி என்று எப்படிச் சொல்லலாம்? பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட கேள்வியையும் ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லை (யோவான் 9:3).

பாவத்தினால் சிட்சை வருவதும் உண்டு, மறைக்கவேண்டாம். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியை அவமதித்ததால் பலர் பலவீனப்பட்டார்கள். அங்கேயும் நோக்கம், அவர்கள் உலகத்தோடே ஆக்கினைக்குள் போகாதபடி காப்பதுதான் (1 கொரி. 11:32). ஒன்று கவனியுங்கள்: பவுல் ஒவ்வொருவனும் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைச் சோதிக்கச் சொல்லவில்லை!

4. சிட்சையின் பலன்

வனாந்தரத்தைப் பாருங்கள். உபாகமம் 8:5 அந்த 40 வருஷத்தையும் தகப்பன் மகனைச் சிட்சிப்பதற்கு ஒப்பிடுகிறது. அதற்கு முந்தின வசனம் என்ன? அந்த 40 வருஷமும் அவர்கள் உடுப்பு பழசாகவில்லை, கால் வீங்கவுமில்லை. பசியை அனுமதித்த அதே கரம் மன்னாவையும் தந்தது. சிட்சையின் நாட்களில் "ஆண்டவர் என்னை விட்டுட்டார்"னு நினைக்கிறவர்களே, உங்கள் காலைப் பாருங்கள். இவ்வளவு தூரம் நடந்தும் நிற்கிறீர்களே, அது யாரால்?

சிட்சை தற்காலம் சந்தோஷமல்ல, துக்கம்தான் என்று 11-ம் வசனம் ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறது. ஆகவே அழுகிறவரை "சிரிங்க"ன்னு கட்டாயப்படுத்தாதீர்கள். பலன் பிற்பாடுதான் வரும். அதிலே பழகினவர்களுக்கு வரும். அந்தப் 'பழகுதல்' கிரேக்கத்தில் விளையாட்டு வீரனின் பயிற்சியைச் சொல்லுகிற சொல். 'ஜிம்னேசியம்' என்பதும் அதே வேரிலிருந்து வந்ததே. பயிற்சி செய்தால்தான் தசை பலப்படும். இங்கே பலப்படுவது எது? அவருடைய பரிசுத்தத்தில் நமக்குக் கிடைக்கும் பங்கு (வச. 10).

5. சபை செய்யவேண்டியது

நாம் அநேகமாய் 11-ம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறோம். 12, 13-ஐயும் வாசியுங்கள். தளர்ந்த கைகளை நிமிர்த்தவேண்டும், முடமானது பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படி பாதையைச் செவ்வைப்படுத்தவேண்டும். சிட்சிப்பது தகப்பனுடைய வேலை. தாங்குவது நம் வேலை. ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். காரணம் சொல்லாமல் கூட உட்கார்ந்து ஜெபியுங்கள். "சிட்சைதானே" என்று சொல்லி யாருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். எசேக்கியாவைக் குணமாக்குவதாகக் கர்த்தர் வாக்குக்கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னாரே (ஏசாயா 38:21).

சிந்திக்க:
• இப்போது நான் கடந்துபோகிற பாதையில் ஆண்டவர் என்னில் எதை வளர்க்கிறார்?
• என் வார்த்தையினால் பிசகிப்போன யாராவது இருக்கிறார்களா? இந்த வாரமே அவர்களைப் போய்ப் பார்ப்பேனா?

ஜெபம்: அன்பின் பரலோகத் தகப்பனே, வலிக்கிற நேரத்திலும் உம்முடைய கரத்தைத் தகப்பன் கரமாக அறிந்துகொள்ள எங்கள் கண்களைத் திறந்தருளும். தளர்ந்தவர்களைத் தாங்குகிற சபையாக எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.