புதுக்கருவிகளும் பொய்த்த கணிப்புகளும்

புதியதொரு கருவி தோன்றுந்தோறும் அதன் வருங்காலத்தைக் கணித்துரைப்போரும் உடன் தோன்றுகின்றனர். அவர்தம் சொல்லை நம்பி வணிகர் முதலிடுகின்றனர். பெற்றோர் காணியை ஈடுவைத்து மக்களைப் படிப்பிக்கின்றனர். மாணவர் தம் வாழ்க்கைத் தொழிலைத் தெரிகின்றனர். இத்துணை நம்பிக்கைக்குரிய கணிப்புகள் பலகாலும் பிழைப்பது ஏன்? கருவி பழுதுபட்டமையாலன்று, அதனை வாங்கும் மனிதரை எண்ணாமையாலேயே என்பது எமது துணிபு. மூன்று எடுத்துக்காட்டுகளால் இதனை ஆராய்வோமாக.

முதலாவது, ஒலிப்பதிவுக் கருவி. தோமஸ் அல்வா எடிசன் இதனை 1877ஆம் ஆண்டில் அமைத்தார். அடுத்த ஆண்டில் அதன் பயன்கள் பத்தினை வரிசைப்படுத்தி எழுதியபோது, கடிதங்களைச் சொல்லிப் பதிவு செய்தலையே முதலாவதாக வைத்தார். இசை பின்னரே இடம்பெற்றது. ஆயின் 1889இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மதுச்சாலையொன்றில், நாணயம் இட்டால் ஒலிக்கும் கருவி வைக்கப்பட்டதும் மக்கள் ஆவலோடு கூடினர். பேர்ளினர் என்பார் ஆக்கிய இசைத்தட்டுகளும் பின்னர்ச் சேர, ஒலிப்பதிவு பெரியதோர் இசை வாணிகமாயிற்று. ஒரு கருவியின் பயனை ஆக்கியோன் கருதலாம், முடிவுசெய்வோர் பாவிப்போரே.

இரண்டாவது, முகம் கண்டு பேசும் தொலைபேசி. அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியாகிய ஏ.டி. அன்ட் டி. இதனை 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியிற் காட்டியது. 1970இல் பிற்ஸ்பேர்க் நகரில் மாதம் 160 டொலர் கட்டணத்தில் விற்பனைக்கு விட்டது. 1980ஆம் ஆண்டளவில் பத்து இலட்சம் கருவிகள் வழங்கும் என எதிர்பார்த்தது. சந்தாதாரரோ சில நூற்றுவரே. கட்டணம் மிகுதி என்பது ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. இக்கருவியை ஒருவர் மட்டும் வாங்கிப் பயனில்லை. எதிர்ப்புறத்தாரிடமும் அஃது இருத்தல் வேண்டும். பலரிடம் இல்லாதவரை எவரும் வாங்கார். எவரும் வாங்காதவரை பலரிடம் இராது. இச்சிக்கலைக் கணித்தோர் நோக்கிற்றிலர்.

மக்களுக்கு அவ்விருப்பம் இல்லாமலும் இல்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்து, கையிலுள்ள தொலைபேசியிலேயே அவ்வசதி மேலதிகச் செலவின்றி வந்தபோது, யாழ்ப்பாணத்துப் பாட்டியும் ரொறன்ரோவிலுள்ள பேரனும் முகம் பார்த்துப் பேசலாயினர். விருப்பத்தைக் கணித்தது சரியே; காலமும் விலையுமே பிழைத்தன.

மூன்றாவது, இரிடியம் என்னும் செய்மதித் தொலைபேசி. உலகின் எம்மூலையிலிருந்தும் பேசலாம் என்னும் நோக்குடன் மோட்டோரோலா நிறுவனம் 1980களின் இறுதியில் இதனைத் திட்டமிட்டது. 66 செய்மதிகளைக் கொண்டு, ஏறத்தாழ 500 கோடி டொலர் செலவில், 1998 நவம்பரில் சேவை தொடங்கிற்று. 1999 ஆகத்தில் இரிடியம் கம்பனி முறிந்தது. திட்டமிட்ட காலத்திற்கும் தொடங்கிய காலத்திற்கும் இடையில், நிலத்திற் கோபுரங்களை நாட்டி இயங்கும் கைத்தொலைபேசி நகரெங்கும் பரவிவிட்டது. அது சிறியது, மலிவானது, கட்டடத்தினுள்ளும் இயங்குவது. இரிடியக் கருவியோ பருத்தது. ஏறக்குறைய 3,000 டொலர் விலையுடையது. கூரையின்கீழ் நன்கு இயங்காதது. புதியது வளருங்கால் அதன் போட்டிப்பொருள் வாளா நின்றுவிடும் என எண்ணியதே தவறு. பின்னர்ச் சிறுவிலைக்குக் கைமாறிய அச்செய்மதிகள், கோபுரங்கள் இல்லாத கடலிலும் வானிலும் செல்வோர்க்கு உதவலாயின. எல்லார்க்கும் எனக் கருதியது, வேறுவழியற்ற சிலர்க்கே இன்றியமையாததாயிற்று.

இம்மூன்றிலும் கருவிகள் இயங்கவே செய்தன என்பதை உற்றுநோக்குக. பொறியியலார் தம் கணக்கிற் பெரிதும் பிழைத்திலர். சந்தையைக் கணித்தோரே பிழைத்தனர். கணித்தோருட் பலர் அப்பொருளை விற்போராகவும் இருந்தமை கருதத்தக்கது. தன் சரக்கைத் தானே எடைபோடுவோனின் தராசை நாம் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பதன்றோ முறை?

ஆதலின், "இத்துறையே இனி உலகை ஆளும், ஏனையவை அழியும்" என எவரேனும் கூறுங்கால், மாணவர் நான்கு வினாக்களைக் கேட்பாராக. இதனால் மக்களின் எந்தத் தேவை நிறைவுறும்? இப்போது அத்தேவையை நிறைவுசெய்வது எது, அதுவும் வளர்கின்றதா? பிறர் வாங்காதவிடத்தும் இது பயன்தருமா? இதனைக் கூறுவோர்க்கு வரும் ஊதியம் யாது? இவற்றுக்கு விடை கிடையாதவிடத்து, ஒரு கருவியை மட்டும் நம்பிக் கல்வியைக் குறுக்கிக் கொள்ளற்க. கணிதமும் மொழியும் விஞ்ஞான அடிப்படையும் கைவரப்பெற்றோர், கணிப்புப் பொய்த்தவிடத்தும் வேறுவழி காண்பர். கருவி மாறும், கற்கும் ஆற்றல் நிற்கும்.