பருவங்களோடு விளையாடி இலக்கணம் கற்போம்

இலக்கணம் என்றதும் தரம் 4, 5 இல் படிக்கும் தங்கையர் பலரின் முகம் வாடிவிடுகின்றது. விதியை மனனம் செய்து பரீட்சையில் விடை எழுதுகின்றனர். ஆனால், கட்டுரை எழுதும்போது அதே விதி நினைவுக்கு வருவதில்லை. கையால் தொட்டு, தானே கண்டறிந்த விதியோ எளிதில் மறக்காது. பழைய கலண்டர் மட்டை, கத்தரிக்கோல், நிறப்பேனை ஆகியவை இருந்தால் வீட்டிலேயே இவ்விளையாட்டுகளை ஆடலாம்.

மழைக்காலம்: எழுத்துப் பாலம்

மழை கொட்டும் டிசம்பர் விடுமுறைக்கு ஏற்ற விளையாட்டு இது. ஒரு மட்டையில் "மழை" என்று எழுதுங்கள். காலம், சாரல், துளி, பாட்டு, நீர், மேகம் என்பவற்றைத் தனித்தனி மட்டைகளில் எழுதுங்கள். க், ச், த், ப் என்னும் நான்கு சிறு மட்டைகளே பாலங்கள். இரு சொற்களையும் வாய்விட்டுச் சேர்த்துச் சொல்லி, பாலம் வேண்டுமா எனப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். மழைக்காலம், மழைச்சாரல், மழைத்துளி, மழைப்பாட்டு ஆகியவற்றுக்குப் பாலம் வேண்டும். மழைநீர், மழைமேகம் ஆகியவற்றுக்கு வேண்டாம். அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்கினால்தான் பாலம் வருகிறது என்பதை அவளே கூறுவாள்.

ஓர் எழுத்துத்தானே என எண்ண வேண்டாம். "கீரை கடை" என்றால் கீரையை மத்தால் கடையச் சொல்வது. "கீரைக் கடை" என்றால் கீரை விற்கும் இடம்.

நோன்புக் காலம்: கஞ்சி யாருக்கு?

உம்மா, மாமி, கஞ்சி, கொடுத்தார் என நான்கு மட்டைகளை வரிசையாக வையுங்கள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று தெரியாது. இப்போது "கு" என்னும் மட்டையைக் கொடுங்கள். மாமியோடு சேர்த்தால், "உம்மா மாமிக்குக் கஞ்சி கொடுத்தார்." உம்மாவோடு சேர்த்தால், "உம்மாவுக்கு மாமி கஞ்சி கொடுத்தார்." ஓர் உருபு இடம் மாறியதும் கஞ்சிப் பாத்திரம் வீடு மாறிவிட்டது! நான்காம் வேற்றுமையின் வேலை இதுவே.

வெயில்காலம்: இலை சேர்ப்போம்

ஆகஸ்ட் விடுமுறையில் முற்றத்து மரங்களின் இலைகளைச் சேர்த்து வரச் சொல்லுங்கள். "ய்", "வ்" என எழுதிய இரண்டு கூடைகளை வையுங்கள். இலையின் பெயரைச் சொல்லி உரிய கூடையில் இடவேண்டும். வாழையிலை, முருங்கையிலை, புளியிலை ஒரு கூடையில். மாவிலை, பலாவிலை, கொய்யாவிலை மற்றக் கூடையில். மரப்பெயர்களின் கடைசி ஒலியைக் கேட்டுப் பார்த்தால், இ, ஐ முன் "ய்" உம் ஆ முன் "வ்" உம் வருவது புலப்படும். இதுவே உடம்படுமெய்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: விதியை முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், புள்ளியும் இடாதீர்கள். பிழைத்தால், "இன்னொரு தரம் சொல்லிப் பார் மகள்" என்றால் போதும். ஒருநாள் அவள், "சுடுசோறு என்பதில் ஏன் ச் இல்லை?" என்று கேட்கக்கூடும். சுட்ட சோறு, சுடுகின்ற சோறு, சுடும் சோறு என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை அது. அங்கே வல்லினம் மிகாது. அந்தக் கேள்வி எழும் நாளில் இலக்கணம் அவளுக்குச் சொந்தமாகிவிடும்.