வேறு நாட்டில் பிறந்த பிள்ளைக்கு நம் படைவீரரை அறிமுகப்படுத்துவது எப்படி?

வெளிநாட்டுக் குழந்தையை முறைப்படி தத்தெடுத்து வளர்க்கிறீர்களா? பள்ளியில் கொடிநாள் வரும், குடியரசு தின அணிவகுப்பு டிவியில் ஓடும். "இவங்க எல்லாம் யாரும்மா?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

பதில் சொல்வதற்கு முன்னால் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். சண்டை நடந்த ஊரிலிருந்து வந்த குழந்தைக்குச் சீருடை என்றாலே நடுக்கம் இருக்கலாம். "சீ, இதுக்கெல்லாமா பயப்படுவாங்க" என்று வாயை அடைக்காதீர்கள். என்ன பார்த்தாய் என்று மெதுவாகக் கேளுங்கள். சொல்லப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். யூடியூப் போர் வீடியோ இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பயத்தில் தூக்கம் கெடுகிறது என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆலோசனை கேளுங்கள். 1098-க்கும் அழைக்கலாம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? துப்பாக்கியிலிருந்து இல்லை, படகிலிருந்து. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது முப்படையினரும் மீட்புக்கு வந்தார்கள். விமான நிலையம் மூடிக்கிடந்ததால், அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. "தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டவங்களைத் தூக்கிட்டு வந்தவங்க" என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

அடுத்து ஒரு மனிதரைக் காட்டுங்கள். உங்கள் தெருவிலோ, வங்கி வாசலில் காவலுக்கு நிற்பவர்களிலோ முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் இருப்பார். வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போவதால் அந்த ஊரையே ராணுவப்பேட்டை என்கிறார்கள். பனியில் எப்படித் தூங்கினீங்க, லீவு கிடைக்காம எந்தப் பண்டிகைக்கு வர முடியலை என்று பிள்ளை கேட்கட்டும். "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" என்ற கேள்வியை மட்டும் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். (பெரியவர்களே இதைக் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.)

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தத்துப்பிள்ளை "நன்றியோட இரு" என்பதைச் சொந்தக்காரர்களிடம் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருக்கும். அதோடு சேர்த்து, "இந்த நாடு உன்னை ஏத்துக்கிச்சு, அதனால ராணுவத்துக்கு நீ கடன்பட்டிருக்கே" என்று சொல்லாதீர்கள். இங்கே பிறந்த பிள்ளையிடம் கேட்காத கடனை இந்தப் பிள்ளையிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? பிறந்த நாட்டின் வீரர்களைப் பற்றிப் பேசினாலும் முகம் சுளிக்க வேண்டாம். அங்கேயும் யாரோ ஒரு குழந்தை அப்பா எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

கொடிநாள் டிசம்பர் 7. 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. கொடியில் சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. திரளும் நிதி, வீரர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் மாற்றுத்திறனாளியான வீரர்களுக்கும் போகிறது. இதைச் சொல்லிவிட்டு உண்டியலில் பிள்ளையின் கையாலேயே காசு போடச் சொல்லுங்கள். மொபைலில் அனுப்புவதாக இருந்தால் மத்திய சைனிக் வாரிய இணையதளத்திலேயே செலுத்துங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ ஃபார்வர்ட் செய்யும் க்யூஆர் கோடை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.