தாளிக்க முன்னம் எடுத்து வையுங்கள்

யாழ்ப்பாணத் தீவகத்தில் புளியங்கூடல், நாரந்தனை, சரவணைப் பக்கத்து வீடுகளில் நாய்க்குச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் மத்தியானச் சட்டியில் மிஞ்சியதுதான். சோற்றில் கொஞ்சம் மீன்குழம்பு, மேலே ஒரு அகப்பை சொதி. கறி கடும் உறைப்பென்றால் மீன் துண்டைத் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுவார்கள். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் போய் அடுக்குமாடியில் குடியேறிப் புதிதாக ஒரு நாயை வாங்கியவர்களும் இதே அலசலைத் தொடர்கிறார்கள். இரக்கமுள்ள பழக்கம்தான். ஆனால் அதற்குள் ஒரு கணிப்பு இருக்கிறது: நாய்க்குக் கெடுதல் உறைப்பு, அது போனால் மிச்சமெல்லாம் நல்லது. யாழ்ப்பாணச் சமையலைப் பொறுத்தவரை இந்தக் கணிப்புத் தலைகீழானது என்பதே நான் சொல்ல வருவது. மிளகாய் நாயின் வாயை எரிக்கும், வயிற்றால் போகவைக்கும். பெரும்பாலும் அதோடு ஆறிவிடும். நாக்குக்கு உறைக்காமல் உள்ளே போய்ச் சேதம் செய்பவை வெங்காயம், உள்ளி, புளி, பிளம்ஸ், மது ஆகியவை. இவற்றை அலசி எடுக்க முடியாது. ஆகவே நாயின் பங்கைச் சமையல் முடிந்த பிறகு தேடாமல், தாளிக்க முன்னமே எடுத்து வைத்துவிட வேண்டும். தனிச் சமையல் வேண்டாம், எடுக்கும் நேரத்தை மாற்றினால் போதும்.

சொதியையே எடுத்துப் பாருங்கள். நம்முடைய கறிகளில் மிகச் சாதுவானது அது. பிள்ளைக்கு முதலில் சோறு பிசைந்து கொடுப்பதும் அதில்தான். அதே நம்பிக்கையில் நாய்க்கும் தாராளமாக ஊற்றுகிறோம். ஆனால் தேங்காய்ப்பாலில் வெங்காயம் வேகாமல் சொதி இல்லை. வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களில் இருக்கும் ஈமோகுளோபினைத் தாக்குகின்றன. அணுக்கள் உடைந்து இரத்தசோகை வருகிறது. வேகவைத்தாலும் வதக்கினாலும் காயவைத்துத் தூளாக்கினாலும் அந்தத் தன்மை போவதில்லை, பாலிலும் தண்ணீரிலும் இறங்கவும் செய்யும். எனவே வெங்காயத் துண்டைப் பொறுக்கிவிட்டு ஊற்றுவதில் பாதிப் பயன்தான். பாதிப்பு வரும் அளவாக மிருக வைத்திய நூல்கள் தரும் கணக்கு, நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம். பத்துக் கிலோ நாயென்றால் 150 கிராம். ஒரு நேரச் சொதியில் அவ்வளவு போகாது, உண்மைதான். ஒரு கரண்டி சொதி எந்த நாயையும் கொல்லப்போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், வீண் பயமுறுத்தல் எனக்குப் பிடிக்காது. சிக்கல் என்னவென்றால் சிறிய அளவு தினமும் போனாலும் சேதம் கூடிக்கொண்டு வரும். அறிகுறியோ அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்து முரசு வெளிறும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், நாய் படுத்தே கிடக்கும். அப்போது யாரும் போன கிழமைச் சொதியை நினைப்பதில்லை. உள்ளி வெங்காயத்தை விடச் செறிவானது. அக்கிட்டா, ஷிபா போன்ற ஜப்பானிய இனங்களுக்கு இந்தத் தாக்கம் இன்னும் கடுமை.

புளியின் கதை புதியது. முந்திரிகைப் பழமும் அதை உலர்த்திய பிளம்ஸும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் சில நாளில் செயலிழக்கச் செய்கின்றன என்பது பலகாலமாகத் தெரியும், காரணம்தான் பிடிபடவில்லை. 2021 இல் அமெரிக்க விலங்கு நச்சியல் வைத்தியர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சந்தேகித்தார்கள். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரிச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். புளியில்லாமல் தீவகத்து மீன்குழம்பு ஏது? ஒடியல் கூழை நினைத்தால் இன்னும் விளங்கும். மீனும் நண்டும் இறாலும் போட்ட கூழ் நாயின் மூக்குக்குச் சொர்க்கம். மிஞ்சினால் வளவுக்குள் வைத்துவிடத்தான் கை போகும். அதில் கரைத்த புளியும் செத்தல் மிளகாயும் நண்டுக் கோதும் ஒன்றாகக் கிடக்கின்றன. குழம்பில் ஒட்டிய புளி கொஞ்சம்தானே என்றால் கொஞ்சம்தான். ஆனால் புளிக் கட்டியையோ கரைத்துப் பிழிந்த சக்கையையோ நாய் எட்டும் வாளியில் போடுவதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. பண்டிகைகளில் ஆபத்துக் கூடும். தைப்பொங்கல் பானையில் பிளம்ஸ் இருக்கும். ஊர்காவற்றுறை, கரம்பொன் கத்தோலிக்க வீடுகளில் நத்தாருக்குச் செய்யும் கேக்கில் பிளம்ஸும் சுல்தானாவும் பிராந்தியில் ஊறிக் கிடக்கும். எந்த அளவு ஒரு நாய்க்குப் பாதுகாப்பானது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத பண்டம் பிளம்ஸ். ஒரு நாய்க்கு ஒன்றும் செய்யாதது இன்னொன்றை முடித்துவிடும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்றுகூட வேண்டாம்.

அடுத்தது குடிவகை. கள்ளு, சாராயம், சனிக்கிழமை மாலை சாராயத்தில் நெல்லிரசமும் தேசிக்காயும் கலந்து வீட்டிலேயே செய்யும் கொக்டெயில், எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றே. நாய்க்கு உயிராபத்தான மதுசார அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 5.5 முதல் 8 கிராம். 36 வீதச் சாராயம் 60 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 17 கிராம் மதுசாரம் உண்டு. மூன்று கிலோக் குட்டிக்கு அது மரண அளவுக்குள் வந்துவிடுகிறது. தள்ளாடுவதற்கும் வாந்திக்கும் அதில் ஒரு சிறு பங்கே போதும். வெறும் சாராயத்தை நாய் சீண்டாது என்பார்கள். சரி, அதன் மணமே அதை விரட்டும். கொக்டெயிலில் அந்த மணத்தைச் சீனியும் பழச்சாறும் மறைத்துவிடுகின்றன, கள்ளோ பிறவியிலேயே இனிப்பு. கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்த கிளாஸ் நாயின் மூக்குக்கு நேரான உயரத்தில் இருக்கிறது. இதைவிடக் கவனிக்காமல் விடுவது அப்ப மா. கள்ளோ ஈஸ்ற்றோ விட்டுப் புளிக்கவைத்த மாவை நாய் தின்றால், வயிற்றின் சூட்டில் மா தொடர்ந்து பொங்கும். வயிறு ஊதும், கூடவே மதுசாரமும் ஊறி இரத்தத்தில் ஏறும். இரவு மூடி வைக்கும் மாச்சட்டி மேல்தட்டில் இருக்கட்டும். அப்படி ஏதும் நடந்துவிட்டால் மனிதருக்குச் செய்வதுபோல உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, உப்பே இன்னொரு நஞ்சாகும். மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் உதவா. மதுசாரம் நாயின் இரத்தச் சீனியையும் உடற்சூட்டையும் இறக்கிவிடும். சீலையால் போர்த்தி மிருக வைத்தியரிடம் கொண்டு போவதுதான் வழி. வெறியில் தள்ளாடும் நாயைப் படம் எடுத்துச் சிரிப்பவர்களைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

இதற்கெல்லாம் முதலில் வரும் மறுப்பு எனக்குத் தெரியும். அப்பு, ஆச்சி காலத்து நாய்கள் எல்லாக் கறியும் தின்று வாழவில்லையா? வாழ்ந்தவற்றைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வளவில் ஒரு நாய் காரணம் தெரியாமல் செத்தால் பாம்பு கடித்தது, யாரோ மருந்து வைத்தார்கள் என்று முடித்துவிடுவது வழக்கம். அறுத்துப் பார்த்தவர் இல்லை. தீவகத்துக் கரைகளில் வலையில் வந்த பேத்தை மீனைக் கழித்து மணலில் எறிவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் போகாது. அதைத் தின்று போன நாய்களுக்கும் கணக்கில்லை. அதோடு வளவு நாயின் வாழ்க்கை வேறு. அது கரைக்குப் போய் மீன் தலை தின்றது, பல வீட்டுப் படலைகளில் நின்றது, பிடிக்காததை விட்டுவிட்டு நடந்தது. குசினி வீட்டிலிருந்து தள்ளி இருந்தது. அடுக்குமாடி நாய்க்கு அந்தத் தெரிவு கிடையாது. குசினியும் விறாந்தையும் படுக்கையும் ஒன்றாகிப்போன இடத்தில் அது சமைப்பவரின் காலடியில் கிடக்கிறது. நாம் வைப்பதையும் தவறவிடுவதையும் மட்டுமே தின்கிறது. ஒரே வீட்டுச் சொதி, ஒவ்வொரு நாளும். பழைய பழக்கம் புது இடத்தில் கெட்டுப்போவது இப்படித்தான்.

செலவென்று சொல்பவர்களுக்குப் பதில் சுலபம்: தாளிக்க முன் எடுப்பதில் செலவே இல்லை. சோறு உப்பில்லாமல் வடிந்ததும் நாயின் பங்கைக் கிண்ணத்தில் போடுங்கள். மீன் வெட்டும்போது தலையையும் வாலையும் வெறும் தண்ணீரில் அவித்து, பெரிய முள்ளை நீக்கி எடுங்கள். பூசணியோ கரட்டோ கறிக்கு வெட்டும்போது இரண்டு துண்டு அதே தண்ணீரில் வேகட்டும். சூடை, நெத்தலி போன்ற சிறு மீனென்றால் முள்ளே மசிய அவித்துக் கொடுக்கலாம்; பச்சையாகக் கொடுக்காதீர்கள், அவற்றில் பி1 விற்றமினை அழிக்கும் நொதியம் உண்டு, அவித்தால் அது செயலிழந்துவிடும். கருவாடு வேண்டாம். தீவகத்தில் பல கிணறுகள் உவர். நமக்கு விலைகொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரையும் நாய்க்கு உவர்த் தண்ணீரையும் வைத்துவிட்டு, அதற்கு மேல் கருவாட்டு உப்பையும் ஏற்றுவது சிறுநீரகத்துக்குச் செய்யும் அநியாயம். நாய்க்குச் சோறு சேராது, அது இறைச்சி தின்னும் பிராணி என்ற மறுப்பும் வரும். ஓநாய்க்குப் பொருந்தலாம். 2013 இல் சுவீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாச்சத்தைச் செரிக்கும் அமிலேசு நொதியத்துக்கான மரபணுவின் பிரதிகள் நாயில் பல மடங்கு பெருகியிருந்தன. மனிதனின் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வாழ்ந்ததால் வந்த மாற்றம் அது. கந்தசஷ்டியோ கோயில் திருவிழாவோ வந்து வீட்டில் மச்சம் இல்லாத நாட்களில் சோறும் பூசணியும், வீட்டார் சம்மதித்தால் ஒரு அவித்த முட்டையுமாக நாய் தாராளமாகச் சமாளிக்கும்.

எனக்கே கனமாகத் தெரியும் மறுப்பு வேறொன்று. வீட்டுச் சாப்பாட்டை மட்டும் நம்பலாமா? அதே 2013 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மிருக வைத்தியர்கள் நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். 95 வீதத்தில் ஏதாவது ஒரு இன்றியமையாத சத்துக் குறைந்தது. சோறும் மீனும் மட்டுமென்றால் முதலில் விழுவது கல்சியம். குட்டியின் கால் வளைவது அதனால்தான். இதை மறுக்க எனக்கு வழியில்லை, மறுக்கவும் வேண்டியதில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிக்குப் பைக்கற் உணவே பிரதானமாக இருக்கட்டும், சட்டிச் சோறு அதன்மேல் ஒரு கரண்டி. வளர்ந்த நாய்க்கு வீட்டுச் சாப்பாடு பெரும்பங்கு ஆகலாம். ஆனால் முட்டைக் கோதை அவித்துக் காயவைத்து மாவாக அரைத்துச் சேர்ப்பதும், மிச்சச் சத்துகளுக்கு மிருக வைத்தியர் எழுதித் தருவதை வாங்குவதும் அதோடு சேர்ந்தவை. 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பைக்கற்றின் விலை எட்டாமல் போன வீடுகள் இலங்கையில் பல. அப்படி ஒரு நாள் திடீரென்று வரும்போது சட்டிச் சோற்றுக்குப் பழகிய நாயும், அதைச் சரியாக ஆக்கத் தெரிந்த கையும் இருப்பது நல்லது. புதிதாக வந்த நாய்க்கு எந்த மாற்றமும் ஒரே நாளில் வேண்டாம். முன்பு தின்றதோடு கலந்து, ஒரு கிழமையில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

கடைசியாக விருந்தாளிகள். வீட்டுக்காரர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பிறந்தநாள் கொண்டாட்டத்தில் மேசைக்கு அடியில் கையை நீட்டும் ஒரு மாமா எல்லா வீட்டிலும் உண்டு. பாவம், பார்த்துக்கொண்டு இருக்குது, ஒரு துண்டுதானே என்பார். நாய்க்கு ஊட்டும் ஆசை மனிதருக்குப் பசியைப் போன்றது, தடுத்தால் ஒளித்துச் செய்வார்கள். தடுப்பதைவிட அதற்கு ஒரு வழி விடுவது மேல். கோழிக் கறி கூட்ட முன் எலும்பில்லாத துண்டுகள் கொஞ்சத்தை உப்பும் இல்லாமல் அவித்து, விரல்நுனி அளவாகப் பிய்த்து, ஒரு மூடிப் பெட்டியில் மேசை நடுவில் வைத்துவிடுங்கள். மாமா வந்ததும் பெட்டியைக் காட்டி, நாய்க்கு இதிலிருந்து கொடுங்கோ மாமா என்று சொன்னால் போதும். கிளாஸ்களை மட்டும் மேசைக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள்.